பன்னிரண்டு மீட்டர்

ஜூன் 9, ஞாயிறு

ஆதிரா இன்று போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். தனக்கு மட்டுமல்ல, எனக்கும் சேர்த்து. செப்டம்பர் கடைசி ஞாயிறு, தூத்துக்குடி. கடலில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீச்சல், கரையேறியதும் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், சைக்கிளை வைத்ததும் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் எட்டரை மணி நேரத்துக்குள். இதற்குப் பெயர் அரை டிரையத்லான். அப்படியானால் முழுசு என்ன என்று செண்பகம் கேட்டாள். இதைப் போல இரண்டு மடங்கு என்றேன்.

"அப்பம் அதுக்குப் போறவன் முழுக் கிறுக்கன். நீங்க அரைக் கிறுக்கு. நல்ல கணக்குதான்" என்றாள்.

எழுதி வைத்தால் பயிற்சி ஒழுங்காக நடக்கும் என்று ஆதிரா சொன்னதால் இந்த நோட்டு. எந்த நோட்டுக்கும் முதல் பக்கத்தில் அறிமுகம் வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லியே பழகிவிட்டது. எனவே: தாணுலிங்கம், வயது அறுபத்தொன்று, ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர், நாகர்கோவில். செண்பகம் என் மனைவி. ஆதிரா என் மகன் விசாகனின் மனைவி. முப்பந்தலில் காற்றாலைகளைப் பராமரிக்கும் நிறுவனத்தில் எஞ்சினியர். விசாகன் கனடாவில். நான்கு வருடமாக அவள் மாடியில் இருக்கிறாள், நாங்கள் கீழே.

அவள் ஏன் கனடா போகவில்லை என்பதை எழுத இந்த நோட்டு இல்லை.

இரண்டு வருடம் முன்பு அவள் ஒரு பந்தய சைக்கிள் வாங்கி, விடிவதற்கு முன்பே ஆரல்வாய்மொழிப் பக்கம் ஓட்டப் போனாள். "இருட்டுக்குள்ள பிள்ளை தனியாப் போகுது. நீங்க சும்மாதானே இருக்கிய, பின்னால போங்க" என்று செண்பகம்தான் அனுப்பினாள். பள்ளிக்கூடத்துக்குப் போன பழைய சைக்கிளில் பின்னால் போனேன். பிறகு நானும் ஒரு கியர் சைக்கிள் வாங்கினேன். துணைக்குப் போனவன் போட்டிக்காரன் ஆகிவிட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

பணகுடி வரை போய்த் திரும்பினோம். இப்போது காற்றுக்காலம். போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது. திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் கை வைத்து நிறுத்துகிறது. முப்பந்தலில் லாரிகளே கொஞ்சம் சாய்ந்துதான் போகின்றன.

ஆதிராவின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி அப்படியே ஒட்டி வந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குக் காற்று அவ்வளவாகத் தெரியவில்லை. ஆரல்வாய்மொழியில் இறங்கியபோது அவளுக்கு மூச்சு வாங்கியது, எனக்கு வாங்கவில்லை. இந்த வயதில் கால் இப்படி உழைக்கிறதே என்று எனக்கே ஆச்சரியம். முப்பத்துநாலு வருடம் கரும்பலகை முன்னால் நின்ற கால்.

வரும் வழியில் ரசவடை. இருவரும் மூன்று மூன்று.

ஜூன் 21, வெள்ளி

விசாகன் அழைத்தான். சிக்னல் சரியில்லை.

ஜூன் 30, ஞாயிறு

கடல் கொந்தளிக்கிற மாதம். அதனால் ஊருக்கு வெளியே உள்ள பெரிய குளத்தில் நீச்சல். தாமரைக் கொடி காலில் சுற்றியது. சின்ன வயதில் நீந்தியது உடம்புக்கு மறக்கவில்லை. ஆனால் நான் தலையை வெளியே வைத்து நீந்துகிறேனாம். "மாமா, நீங்க நீந்துகிய மாதிரி இல்ல. யாரையோ தேடுகிய மாதிரி இருக்கு" என்றாள் ஆதிரா.

மூச்சை நீருக்குள் விடப் பழக வேண்டும்.

ஜூலை 13, சனி

மாடியில் புதுத் தண்ணீர்த் தொட்டி வைத்தாயிற்று. பழையது கசியவில்லை. ஆனாலும் எதற்கும் இருக்கட்டும்.

ஜூலை 21, ஞாயிறு

ஓட்டிவிட்டு வரும் வழியில் காற்றாலைகளுக்குக் கீழே நின்று எங்கள் ஊர் வாழையான மட்டிப்பழம் சாப்பிட்டோம். போட்டியன்றும் இதுதான் என் ஆகாரம் என்று முடிவு செய்திருக்கிறேன். சின்னது, உரிக்க எளிது, வயிற்றைக் கெடுக்காது.

இவ்வளவு நிலம் கிடக்கிறதே, இந்தக் காற்றாலைகளை ஏன் இத்தனை தள்ளித் தள்ளி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணை நெருக்கி வச்சா, முன்னால உள்ளது தின்ன மிச்சக் காத்துதான் பின்னால உள்ளதுக்குக் கிடைக்கும் மாமா. சுத்தும். ஆனா கரண்ட் வராது."

நல்ல உதாரணம். பாடம் நடத்திய காலத்தில் தெரிந்திருந்தால் பதினொன்றாம் வகுப்புக்குச் சொல்லியிருப்பேன்.

ஜூலை 28, ஞாயிறு

காலை ஓட்டம், பதினான்கு கிலோமீட்டர். முழங்கால் பரவாயில்லை.

மாடிக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் சொல்லியிருந்தேன். வந்தார்கள். செண்பகம் வாசலில் நின்று அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்காக்கும் பெயிண்ட்?"

"மழைக்கு முன்னால அடிச்சா நல்லதுல்லா."

"மழைக்குச் செவருக்கு வெளியிலதான் அடிப்பாவ. நீங்க உள்ள அடிக்கிய. அதுவும் அவளுக்குப் பிடிச்ச நிறத்துல."

பெயிண்டர்களுக்கு டீ போட வேண்டியிருந்ததால் பேச்சு அதோடு நின்றது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

விசாகன். சிக்னல் சரியில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

எண்பது கிலோமீட்டர். நான் நினைத்ததைவிட வேகம். இப்படிப் போனால் போட்டியில் நேரம் மிச்சமாகும், பாதி ஓட்டத்தை நடந்தே முடிக்கலாம் என்று ஆதிராவிடம் சொன்னேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

செப்டம்பர் 1, ஞாயிறு

இன்று நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

திருநெல்வேலி சைக்கிள் குழு ஒன்று பயிற்சிப் பந்தயம் வைத்தது. டிரையத்லான் விதிகளோடு, நாற்பது கிலோமீட்டர். வழக்கம்போல் ஆதிராவின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனேன். கொஞ்ச தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் ஒரு நீல அட்டையை என் முகத்துக்கு நேரே காட்டினார். இந்த வயதில் வந்ததற்குப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து நானும் கை காட்டினேன். மீண்டும் காட்டினார். நான் மீண்டும் கை காட்டி, "நன்றி சார்!" என்றேன்.

"பாராட்டு இல்ல சார்! பெனால்டி!"

சாலையோரம் ஒரு கூடாரத்தில் ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்தார்கள். என் வகுப்பில் யாரையும் வெளியே நிறுத்தியதில்லை. இன்று நான் நின்றேன். எனக்கு முன்பே அங்கே ஒரு கல்லூரிப் பெண் நின்றுகொண்டிருந்தாள். "நீங்களும் டிராஃப்டிங்கா அங்கிள்?" என்றாள். அப்படி என்றால் என்ன என்று அவளிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

முன்னால் போகிறவருக்கும் நமக்கும் நடுவே பன்னிரண்டு மீட்டர் இருக்க வேண்டும். ஒரு பஸ் நிற்கிற அளவு. அதற்குள் நுழைந்தால் இருபத்தைந்து நொடிக்குள் அவரைத் தாண்டிவிட வேண்டும். தாண்டப்பட்டவர் உடனே பின்வாங்கி மறுபடி இடைவெளி விட வேண்டும். அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அவர் கிழித்த காற்றில் ஓட்டக் கூடாது.

செப்டம்பர் 2, திங்கள்

காற்றுத்தடை பாடத்துக்கு நான் ஒரு செயல்முறை வைத்திருந்தேன். ஒரு பெரிய அட்டையைப் பிள்ளையின் கையில் கொடுத்து மைதானத்தில் ஓடச் சொல்வேன். அட்டையை முகத்துக்கு நேரே பிடித்தால் ஓட முடியாது. அடுத்து, அட்டை பிடித்தவனுக்குப் பின்னால் இன்னொருவனை ஓடச் சொல்வேன். "எப்படிலே இருக்கு?" என்றால், "எனக்கு ஒண்ணுமே தெரியல சார்" என்பான். வகுப்பே சிரிக்கும்.

இரண்டு வருடமாக ஆதிரா அட்டை பிடித்திருக்கிறாள். பின்னால் ஓடியவன் நான்.

மாலையில் அவளைக் கேட்டேன். "ஒனக்கு இந்த ரூல் தெரியும்லா?"

"தெரியும் மாமா."

"பின்ன ஏன் சொல்லல?"

"பின்னால ஒங்க செயின் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். நல்லா இருந்துது. சொன்னா தள்ளிப் போயிருவிய."

செப்டம்பர் 8, ஞாயிறு

முதன்முறையாகத் தனியே ஓட்டினேன். ஆதிராவைக் கால்மணி நேரம் முன்னால் அனுப்பிவிட்டேன்.

பணகுடியிலிருந்து திரும்பியபோதுதான் முப்பந்தல் காற்று என்றால் என்ன என்று தெரிந்தது. ஒரு மைல்கல்லையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு மிதித்தேன். அது கிட்டே வரவில்லை. ஒரு இடத்தில் இறங்கி உருட்டினேன். கோழி ஏற்றிப் போன வேன்காரர் ஒருவர் நிறுத்தி, "ஏறுதியளா அண்ணாச்சி? கோழிக்குப் பக்கத்துல எடம் இருக்கு" என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

இந்த வேகத்தில் போட்டியில் சைக்கிள் பகுதியையே முடிக்க முடியாது. குறித்த நேரத்துக்குள் சைக்கிளை வைக்காதவர்களை ஓட விடமாட்டார்கள்.

ஆதிரா ஆரல்வாய்மொழியில் காத்து நின்றாள். என்னைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது அவளுக்கு. தூசி என்றாள்.

செப்டம்பர் 12, வியாழன்

பயிற்சி இல்லை. ஆதிராவுடன் குடும்ப நீதிமன்றம் வரை போய் வந்தேன். அவளுக்கு அப்பா அம்மா இல்லை. அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. தனியே போகட்டும் என்று விட முடியுமா?

வராந்தாவில் சிப்பந்தி கேட்டார். "நீங்க பொண்ணு பக்கமா, பையன் பக்கமா? பக்கம் பாத்து நில்லுங்க."

"ரெண்டு பக்கமும் நான்தான்" என்றேன்.

"இத்தன வருசத்துல ரெண்டு பக்கத்துக்கும் ஒரே ஆளு வந்து இன்னைக்குத்தான் பாக்கேன்" என்று நாற்காலி எடுத்துப் போட்டார்.

விசாகன் வீடியோவில் வந்தான். அங்கே நடுராத்திரி. மெலிந்திருந்தான். கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றான். ஆதிராவும் ஆமாம் என்றாள். முடிந்துவிட்டது. திரையை அணைப்பதற்கு முன்னால் அவன் "அப்பா" என்றான். அதற்குள் அணைத்துவிட்டார்கள்.

திரும்பும் வழியில் ஆதிரா ரசவடைக் கடையில் நிறுத்தச் சொன்னாள். வாங்கினோம். சாப்பிடவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

செண்பகம் இன்று ஒன்றைச் சொன்னாள். நான் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"அவளுக்குக் குஜராத்துல, புஜ்ஜுங்கிற ஊர்ல பெரிய வேலை வந்திருக்கு. சைட்டுக்கே தலைமை. ஜூன்லயே வந்துட்டு. ஒங்ககிட்ட சொன்னாளா?"

"இல்ல."

"என்கிட்டயும் சொல்லல. அவ ஆபீஸ் பிள்ளை சொல்லிச்சு. மாமாவுக்க ரேஸ் முடியட்டும்னு தள்ளி வச்சிருந்தாளாம். இப்பம் வேண்டாம்னே சொல்லப் போறாளாம். ரேஸுக்கு மறுநாள் பதில் சொல்லணுமாம்."

"அவளுக்கு இங்க என்ன கொறை?"

செண்பகம் தைலப் பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி மூடினாள். "அன்னைக்கு நீங்க காத்துல தள்ளாடிக்கிட்டு வந்ததைப் பாத்துட்டு வந்து என் மடியில கெடந்து அழுதா. 'நான் போயிட்டா மாமா என்ன அத்தை செய்வாங்க?'ன்னு கேட்டா. முப்பத்திரண்டு வயசு. அவ வாழணும். நீங்க தொட்டி வைக்கிய, பெயிண்ட் அடிக்கிய. எத்தன நாளைக்குப் பிடிச்சு வச்சிருப்பிய?"

நான் பிடித்து வைக்கவில்லை என்று சொல்ல நினைத்தேன். தைலம் கண்ணில் பட்டுவிட்டது.

செப்டம்பர் 16, திங்கள்

தனியே ஐம்பது கிலோமீட்டர். இரண்டு முறை இறங்கினேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

தனியே. ஒரு முறைகூட இறங்கவில்லை. காற்றோடு சண்டை போடக் கூடாது என்று புரிகிறது. கடினமான கேள்வியைப் பார்த்ததும் பேனாவை அழுத்தி எழுதுகிற பிள்ளை தாளைக் கிழித்துவிடும். தலையைத் தாழ்த்தி, சின்ன கியரில், மெதுவாக, நிற்காமல்.

மூச்சு வாங்கியது. வாங்கட்டும்.

செப்டம்பர் 28, சனி. தூத்துக்குடி

லாட்ஜ். சைக்கிளைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம். நாளைக்கு வெள்ளம்போல் ஆள் வரும். அறுபதுக்கு மேல் நான்கு பேர்தான். செண்பகம் மட்டிப்பழம் ஒரு குலையையே பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

ஆதிரா கேட்டாள்: "மாமா, பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும்." அவள் போட்டியைச் சொல்லவில்லை என்று தோன்றியது.

செப்டம்பர் 30, திங்கள்

நேற்று பேனா பிடிக்க முடியவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

கடல் குளத்தைவிட நல்லது. இரக்கமாக இருந்தது. யாரையும் தேடாமல் நீந்தினேன். முகத்தை நீருக்குள் வைத்து, மூச்சை உள்ளேயே விட்டு. கரையேறியபோது எனக்குப் பின்னாலும் ஆட்கள் இருந்தார்கள்.

சைக்கிள் பாதை உப்பளங்களுக்கு நடுவே மேற்கே போய்த் திரும்பும். அப்படி இரண்டு சுற்று. காற்று மேற்கிலிருந்து. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் போகும்போது எதிர்காற்று, வரும்போது தள்ளுகாற்று. மறைய ஒரு மரம் கிடையாது. முதல் சுற்றில் எதிரே ஆதிரா வந்தாள். வெகுதூரம் முன்னால் இருந்தாள். என்னைப் பார்த்துவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நானும் கணக்குப் போட்டேன். என் நேரம் இழுபறியாக இருந்தது.

இரண்டாம் சுற்றில், காற்று இன்னும் ஏறிய பிறகு, தூரத்தில் அவளுடைய சிவப்பு ஹெல்மெட் தெரிந்தது. தெரிந்திருக்கக் கூடாது. அவள் எவ்வளவோ முன்னால் போயிருக்க வேண்டியவள். டயர் பஞ்சரோ, உடம்புக்கு ஏதாவதோ என்று பதறி மிதித்தேன். கிட்டே போனதும் புரிந்தது. சக்கரம் நன்றாக இருந்தது. அவளும் நன்றாக இருந்தாள். எனக்காக மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தாள்.

எங்களுக்கு நடுவே ஒரு பஸ் நிற்பதாக நினைத்துக்கொண்டு இடைவெளி விட்டே பின்னால் போனேன். அவள் இன்னும் மெதுவானாள். பஸ் அளவு இடைவெளி கார் அளவுக்குச் சுருங்கியது.

"மாமா, ஒட்டி வாங்க! மோட்டார் சைக்கிள் ஒண்ணையும் காணல. திரும்புற எடம் வரைக்கும் நான் இழுத்துட்டுப் போறேன். நீங்க தனியாப் போனா டயத்துக்குள்ள முடியாது!"

உண்மை. அவள் கணக்கு தப்பவே தப்பாது. அவள் முதுகுக்குப் பின்னால் காற்று இல்லாத அந்தச் சின்ன இடம் எனக்கு நன்றாகத் தெரிந்த இடம். இரண்டு வருடம் அங்கேதான் குடியிருந்தேன்.

"ஹால்ல வாத்தியாரு இல்லைன்னா காப்பி அடிக்கலாமா மக்கா?" என்று கத்தினேன்.

"இதுல என்ன மாமா காப்பி! வாங்க!"

இடைவெளிக்குள் நுழைந்தவன் தாண்டியாக வேண்டும். இருக்கை விட்டு எழுந்து மிதித்தேன். அறுபத்தொரு வயது, ஒரு குலை மட்டிப்பழம், எல்லாவற்றையும் சேர்த்து மிதித்தேன். அவளுக்குப் பக்கத்தில் வந்தேன். அவள் முகத்தில் அப்படி ஒரு திகைப்பு. தாண்டிவிட்டேன். காற்று முகத்தில் அறைந்தது.

"ரூல் என்ன? தாண்டினவனுக்கு எடம் விடணும். தள்ளிப் போ!"

பின்னாலிருந்து, "மாமா..." என்றாள்.

"புஜ்ஜு விஷயம் எனக்குத் தெரியும். ஒன் ரேஸை நீ ஓடு மக்கா. எனக்காக மெதுவாப் போனா நான் ஒங்கூடப் பேச மாட்டேன்."

திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் சைக்கிள் சாய்ந்துவிடும். அவள் சங்கிலிச் சத்தம் கொஞ்ச நேரம் எனக்குப் பின்னால் கேட்டது. அவள் சொன்னது சரிதான், நன்றாகத்தான் இருக்கிறது அந்தச் சத்தம். பிறகு அது பக்கத்தில் வந்தது. தலையைத் தாழ்த்தி, என்னைப் பார்க்காமல், அவள் என்னைத் தாண்டினாள். நான் கால்களை நிறுத்தி இடைவெளி விட்டேன். ஒரு பஸ், இரண்டு பஸ், பத்து பஸ். சிவப்பு ஹெல்மெட் ஒரு குன்றிமணியாகி, உப்பின் வெள்ளையில் கரைந்தது.

சைக்கிளை நேரத்துக்குள் வைத்தேன். மயிரிழையில். ஆனால் அவளைத் தாண்டியதில் கால் போய்விட்டது. ஓட்டத்தில் பாதிக்கு மேல் நடை. வெயில். தண்ணீர் கொடுத்த பெண்கள் ஒவ்வொருவராகச் சாமான்களைக் கட்டத் தொடங்கினார்கள். கடைசி கிலோமீட்டரில் நேரம் முடிந்துவிட்டது என்று ஒருவர் வந்து சொன்னார். வண்டியில் ஏறச் சொன்னார். கோழி வேனை நினைத்துக்கொண்டு, வேண்டாம் என்றேன். இந்தத் தடவை உடனே சொன்னேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது முடிவிடத்தில் நின்ற காற்றடைத்த வளைவிலிருந்து காற்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அது மெல்லக் குனிந்தது. அதன் அடியில் நானும் குனிந்து நுழைந்தேன். அந்தப் பக்கம் செண்பகமும் ஆதிராவும். ஆதிராவின் கழுத்தில் மெடல்.

"எத்தனாவது?" என்றேன்.

"என் பிரிவுல நாலாவது." மெடலைக் கையால் பொத்திக்கொண்டாள். "என் பின்னால வந்திருந்தா நீங்களும் டயத்துக்குள்ள வந்திருப்பிய மாமா."

"வந்திருப்பேன்."

"பின்ன ஏன்?"

மணலில் உட்கார்ந்தேன். "பன்னிரண்டு மீட்டர் தள்ளி வந்தாலும், நீ முன்னால போறது எனக்குத் தெரியத்தானே செய்யுது" என்றேன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் ஷூவைக் கழற்றினாள். தூசி என்று இந்தத் தடவை சொல்லவில்லை. செண்பகம் ஒரு மட்டிப்பழத்தை உரித்து என் வாயில் திணித்து, "அரைக் கிறுக்கு" என்றாள்.

அக்டோபர் 1, செவ்வாய்

ஆதிரா நேற்றே அலுவலகத்தில் பதில் சொல்லிவிட்டாள். போகிறாள்.

முடிவுப் பட்டியலில் என் பெயருக்கு நேரே, முடிக்கவில்லை என்று போட்டிருக்கிறது. சரியான மதிப்பெண்தான்.

அக்டோபர் 9, புதன்

ஸ்டேஷனில் அவளை ரயில் ஏற்றிவிட்டு வந்தோம். சைக்கிளைப் பிரித்துப் பெட்டியில் அடைக்க நான்தான் உதவினேன். பின்சக்கரத்தைக் கழற்றும்போது ஒரு நிமிடம் அதைக் கையில் வைத்திருந்தேன்.

செண்பகம் என்னை எழுதவிடாமல் பேசிக்கொண்டே இருக்கிறாள். மாடியை வாடகைக்கு விடலாமாம். யாராவது புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு. பெயிண்ட் அடித்துத் தயாராக இருக்கிறதே என்கிறாள். சரி என்றேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

விடிகாலையில் தனியே பணகுடி வரை. எதிர்காற்று குறைந்துவிட்டது, பருவம் மாறுகிறது. காற்றாலைகள் சோம்பலாகச் சுற்றின. திரும்பும் வழியில் அவற்றுக்குக் கீழே நின்று ஒரு பழம் சாப்பிட்டேன்.

அங்கேயே ஆதிரா அழைத்தாள்.

"மாமா, இங்க காத்து நம்ம ஊரைத் தோக்கடிச்சிரும். இன்னைக்கு இருபது கிலோமீட்டர் ஓட்டுனேன். நாக்கு தள்ளிட்டு."

"தலையைத் தாழ்த்தி, சின்ன கியர்ல ஓட்டு மக்கா. சண்டை போடாத."

"சரி வாத்தியாரே" என்று சிரித்தாள்.

அவள் வைத்த பிறகு போனைச் சட்டைப்பைக்குள் போடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். கனடாவில் அப்போது இரவு ஒன்பது மணி இருக்கும். விசாகனை நானே அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

வெகுநேரம் பேசினோம். முப்பந்தலில், அவ்வளவு காற்றாலைகளுக்கு நடுவில், சிக்னல் நன்றாகவே இருந்தது.